பீடி சுற்றும் ஊர்களும் ஓர் உலக ஒப்பந்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழகப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு நிறுவனங்களோடும் ஐ.நா. அமைப்புகளோடும் செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வெளிவருகின்றன. கூட்டு ஆய்வு நடைபெறும் என்ற அறிவிப்பு அவற்றில் தவறாமல் இருக்கிறது. எதைப் பற்றிய ஆய்வு, அதன் முடிவு யாருக்குப் பயன்படும் என்ற விவரம்தான் பெரும்பாலும் இருப்பதில்லை. பீடி சுற்றும் பெண்களுக்கு ஏற்ற மாற்றுத் தொழில் எது என்ற, உலக அளவில் கொள்கை வகுக்கும் அமைப்புகள் இன்னும் விடை காணாத பெரிய கேள்வி நம் திருநெல்வேலிச் சீமையில் தெருவுக்குத் தெரு இருக்கிறது என்பதையும், அதை ஆராயும் பொறுப்பை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தானே முன்வந்து ஏற்க வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் பாளையங்கோட்டையில் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு ஒப்பந்தம் 2003இல் நிறைவேறி, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2004இலேயே அதை ஏற்று உறுதி செய்துவிட்டது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பு வகிக்கின்றன. வரி உயர்வு, விளம்பரத் தடை, உறையின் மேல் எச்சரிக்கைப் படம், பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை ஆகியவற்றைச் சொல்லும் பிரிவுகள் எல்லோரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது 17ஆம் பிரிவு. புகையிலைத் தொழிலாளர்கள், பயிரிடுவோர், தேவைக்கேற்பச் சில்லறை விற்பனையாளர்கள் ஆகியோருக்குக் கட்டுப்படியாகக்கூடிய மாற்றுத் தொழில்களை வளர்க்க, உறுப்பு நாடுகள் ஒன்றோடொன்றும் தகுதியுள்ள பன்னாட்டு அமைப்புகளோடும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது அது. அடுத்து வரும் 18ஆம் பிரிவு, சாகுபடியிலும் உற்பத்தியிலும் ஈடுபட்டிருப்போரின் உடல்நலத்தையும் சுற்றுச்சூழலையும் காப்பது பற்றியது. இவ்விரு பிரிவுகளையும் பற்றி உலக அரங்கில் நடந்த பேச்சின் பெரும்பகுதி புகையிலை பயிரிடும் உழவர்களைச் சுற்றியே அமைந்தது. மலாவியிலும் பிரேசிலிலும் உழவர் வேறு பயிருக்கு மாறுவது எப்படி என்று பல நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். தன் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒப்பந்தத்தின் சொற்களில் இடம் இருக்கிறது. ஆய்வில் அவளுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

அந்தப் பெண்ணைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல், ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், கடையநல்லூர், புளியங்குடி என்று, 2019இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன் ஒரே மாவட்டமாக இருந்த இந்த நிலப்பரப்பில், பீடி சுற்றாத தெரு குறைவு. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா ஆகிய மாநிலங்களின் காடுகளிலிருந்து வருகிறது. தூள் குஜராத்திலும் கர்நாடகத்தின் நிப்பாணிப் பகுதியிலும் விளைந்த புகையிலை. இரண்டும் சேரும் இடம் நம் ஊர்ப் பெண்ணின் மடியில் இருக்கும் தட்டு. முதல் நாள் இரவே இலையை நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுகிறார்கள். காலையில் தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவது பெரும்பாலும் வீட்டிலுள்ள மூத்தவரின் வேலை. தூள் வைத்துச் சுற்றி நூல் கட்டுவது மகளோ மருமகளோ. முனையை மடித்து மூடவும், இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடவும், பள்ளிவிட்டு வந்த பிள்ளையும் சில வீடுகளில் உட்கார்ந்துவிடுகிறது. சுற்றிய பீடியை வாங்கிக்கொண்டு கூலி தரும் பீடிக்கடையில் அதைக் கணக்கெழுதும் பாஸ் புத்தகத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பணியில் இருந்தபோது வெளியூர் ஆய்வு நிறுவனம் ஒன்று, பன்னாட்டு அமைப்பு ஒன்றின் நிதியில் நடந்த கணக்கெடுப்புக்காக எங்கள் மாணவர்களைக் களப்பணிக்குக் கேட்டது. வினாத்தாள் ஆங்கிலத்தில் தயாராகி, அவசரமாகத் தமிழாக்கப்பட்டு வந்து சேர்ந்தது. 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?' என்பது அதில் ஒரு கேள்வி. முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே அந்த அம்மா, "எத்தன மணின்னு எப்படிச் சொல்ல சார்? சோறு வடிக்க, தண்ணி பிடிக்க எந்திரிச்ச நேரம் போக மிச்சமெல்லாம் இதுதான்" என்றார். மாணவர் அந்தக் கட்டத்தில் எட்டு என்று எழுதினார்; வேறு என்ன எழுத முடியும்? மாத வருமானம் கேட்ட கட்டமும் அப்படியே. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வாரத்துக்கு வாரம் கைக்கு வருவது. கொடுத்த இலை மட்டமாக இருந்து ஆயிரம் தேறாவிட்டால், குறைந்த இலையை அவர் தம் காசில் வாங்கி நிரப்ப வேண்டும். கழிவென்று தள்ளப்படும் பீடிக்குக் கூலி கிடையாது. இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் வருமானம் என்றால், அதைப் பதிவதற்கு அந்த வினாத்தாளில் இடமே இல்லை. வீட்டில் எத்தனை பேர் இந்த வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்ற கேள்வியும் இல்லை. தாள்கள் கட்டாகக் கட்டப்பட்டுப் போயின. அறிக்கை வந்ததா, வந்தால் என்ன சொன்னது என்பது எங்கள் கல்லூரிக்கும் தெரிவிக்கப்படவில்லை, பதில் சொன்ன வீடுகளுக்கும் தெரிவிக்கப்படவில்லை.

இதன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. நாளை 17ஆம் பிரிவின்படி மாற்றுத் தொழில் திட்டம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ் புத்தகத்தில் பெயருள்ளவருக்கு மட்டும் தையல் பயிற்சியோ கறவை மாட்டுக் கடனோ கிடைத்தால், இலை வெட்டிக்கொண்டிருந்த மாமியாரின் உழைப்புக்கு எந்தக் கணக்கில் ஈடு? ஏற்கனவே வேறொருவர் பெயரிலுள்ள புத்தகத்தில் பீடி போட்டு வரும் பெண்ணுக்கு என்ன வழி? அடையாள அட்டையோடு வரும் வருங்கால வைப்பு நிதி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, மருந்தகம் ஆகியவை தொழிலை விட்டால் போய்விடும் என்ற அச்சத்துக்கு என்ன பதில்? பீடித் தொழிலை மற்றக் கூலி வேலைகளோடு ஒப்பிடும்போது ஒரு நாள் கூலியை மட்டும் பார்த்துவிட்டு, இதைவிட நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் வேலை இருந்தால் பெண்கள் மாறிவிடுவார்கள் என்று கணக்குப் போடுவது பிழை. முதலீடு இல்லாமல், வீட்டு வாசலைத் தாண்டாமல், கைக்குழந்தையையும் படுக்கையில் கிடக்கும் பெரியவரையும் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்பதால்தான், இருமலும் முதுகுவலியும் தரும் இந்தத் தொழிலில் அவர்கள் இருக்கிறார்கள். மாற்று வேலை இந்த நிபந்தனைகளில் எவற்றை நிறைவேற்றும், எவற்றைக் கைவிடும் என்பதை ஊர் ஊராக, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நம் கல்லூரிகளில் பீடித் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எம்.ஃபில். பட்டத்துக்காகவும் முனைவர் பட்டத்துக்காகவும் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பல நூலகங்களில் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஒருமுறை களத்துக்குப் போய்த் திரட்டிய தகவலோடு முடிந்துவிடுபவை. ஒருவர் ஆலங்குளத்தில் கேட்ட கேள்வியை அடுத்தவர் கடையத்தில் வேறு மாதிரி கேட்டிருப்பதால் இரண்டையும் சேர்த்துப் படிக்கவும் முடிவதில்லை. 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளோடு எம்.ஃபில். படிப்பும் நின்றுவிட்டதால் இந்தச் சிறு ஆய்வுகளின் வரத்துகூடக் குறைந்திருக்கிறது. ஓர் ஆய்வு மாணவரால் இரண்டு ஆண்டில் செய்ய முடியாததை, ஒரு பல்கலைக்கழகமும் பன்னாட்டு அமைப்பும் சேர்ந்து பத்து ஆண்டில் செய்ய முடியும். கூட்டாய்வுக்கு அதுதானே நியாயமான காரணம்?

அப்படிச் செய்து காட்டிய முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்துச் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. அக்காலத்தில் காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் ஊட்டமான உணவும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கருத்து. அந்த அளவுக்குப் படுக்கை நம்மிடம் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். மையத்தினர் இருநூறுக்கும் குறைவான நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை நெருக்கடியான அவர்களுடைய சொந்த வீடுகளிலும் வைத்து, இருசாராருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்றும், அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்றும் 1959இல் வெளிவந்த முடிவுகள் காட்டின. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு மாறியதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. கேள்வி நம்முடைய வறுமையிலிருந்து பிறந்தது. விடை எல்லா நாடுகளுக்கும் பயன்பட்டது. அதனால்தான் பன்னாட்டுக் கூட்டாய்வு என்று யார் பேசினாலும் எனக்கு முதலில் இந்த மையம் நினைவுக்கு வருகிறது.

திருநெல்வேலியில் இதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. 1990இல் தொடங்கப்பட்ட நம் பல்கலைக்கழகத்துக்கு அபிஷேகப்பட்டியில் சமூகவியல், பொருளியல் துறைகள் இருக்கின்றன. பீடி சுற்றும் ஊர்களுக்கு நடுவே, ஆழ்வார்குறிச்சியில், அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. புகையிலைத் தூளைச் சுவாசிப்பதால் நுரையீரலுக்கு நேர்வதை அளந்து பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் எது? சாரா டக்கர் கல்லூரியிலும் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியிலும் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியிலும் படிக்கும் மாணவியரில், அம்மா சுற்றிய பீடிக் கூலியில் படிக்க வந்தவர்கள் எத்தனையோ பேர். வெளியூர்க் கணக்கெடுப்பாளருக்கு ஒரு மாதம் பழகினாலும் விளங்காத கழிவுக் கணக்கு அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். வினாத்தாளை எழுதும் மேசையில் அவர்கள் உட்கார வேண்டும்.

அமைப்பு முறைகளும் நிறுவன அளவில் தயாராகவே இருக்கின்றன. யுனெஸ்கோ 1992 முதல் பல்கலைக்கழகங்களில் ஆய்விருக்கைகளை ஏற்படுத்தி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் தகுதியுள்ள கல்வி, ஆய்வு நிறுவனங்களைக் கூட்டுறவு மையங்களாக நான்காண்டு காலத்துக்கு அறிவித்து, பணியைப் பார்த்துப் புதுப்பிக்கிறது. வீட்டிலிருந்து செய்யும் வேலை பற்றி 1996இலேயே 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்கு இத்தகைய ஆய்வில் நேரடி அக்கறை உண்டு. அந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்றுறுதி செய்யவில்லை என்பதால், இங்குள்ள நிலையைச் சான்றுகளோடு எடுத்து வைப்பது மேலும் அவசியமாகிறது. வெளிநாட்டு நிதி என்றதும் பதிவாளர் அலுவலகங்கள் தயங்குவதை நான் அறிவேன். ஆனால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், ஐ.நா.வையும் அதன் சிறப்பு முகமைகளையும் உலக வங்கியையும் 'வெளிநாட்டு மூலம்' என்ற வரையறையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. மருத்துவம் சார்ந்த பகுதிக்கு மத்திய அரசின் சுகாதார அமைச்சகத் தேர்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்குக் காலம் ஆகும் என்பதால் விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

நிதி தருபவர் யார் என்பதில் மட்டும் பல்கலைக்கழகம் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். புகையிலைத் தொழில் நிறுவனங்களின் வணிக நலன், பொதுச் சுகாதாரக் கொள்கையில் கைவைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் 5.3ஆம் பிரிவு அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. 2017இல் பிலிப் மோரிஸ் இண்டர்நேஷனல் நிதியில், புகையில்லா உலகம் காண்போம் என்ற முழக்கத்தோடு ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டபோது, அரசுகளும் பொதுச் சுகாதார அமைப்புகளும் அதனோடு கூட்டுச் சேர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே அறிவுறுத்தியது. பன்னாட்டுப் பெயர் தாங்கிய எல்லா அமைப்புகளும் ஒரே வகையானவை அல்ல. பீடி முதலாளிகளின் பணமும் இந்த ஆய்வுக்கு வேண்டாம். தொழிற்சங்கங்களுக்கு ஆலோசனைக் குழுவில் இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. புகையிலைக் கட்டுப்பாடு என்ற சொல்லையே வேலை இழப்பின் முன்னறிவிப்பாகக் கேட்டுப் பழகிய தொழிலாளர்கள், தங்கள் சங்கத்தைச் சேர்ந்தவர் உள்ளே இருந்தால்தான் மனம்விட்டுப் பதில் சொல்வார்கள்.

இந்தக் கூட்டாய்வுக்காகப் பல்கலைக்கழகம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவற்றில் இரண்டை வலியுறுத்துகிறேன். ஒன்று, திரட்டும் தகவலின் முழுப் படியும், வீடுகளின் அடையாளத்தை நீக்கிய பின், நம் பல்கலைக்கழகத்திலேயே இருக்க வேண்டும். ஜெனீவாவிலோ டெல்லியிலோ இருக்கும் அலுவலகத்தின் அனுமதிக்காக நம் மாணவர் காத்திருக்கும் நிலை கூடாது. மற்றொன்று, ஒவ்வோர் ஆண்டும் கண்டறிந்தவை எளிய தமிழில் அச்சாகி, பதில் சொன்ன ஊர்களின் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். தாங்கள் சொன்னது தவறாகப் பதிவாகியிருந்தால் அங்கேயே எழுந்து சொல்ல மக்களுக்கு உரிமை இருக்க வேண்டும். அந்தத் திருத்தங்கள் அடுத்த ஆண்டு வினாத்தாளில் இடம்பெற வேண்டும்.

இலை பறிக்கும் பழங்குடி மக்களையும் இந்த ஆய்வு விட்டுவிடக் கூடாது. பீடி விற்பனை குறைந்தால் முதலில் அடிபடுவோரில் அவர்களும் அடங்குவர். அவர்கள் வாழும் பகுதியிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றும் நம்மோடு சேர்ந்து அதே காலத்தில் அங்கே ஆய்வு நடத்தினால், காட்டில் பறித்த இலை முதல் பீடிக்கடை வரையிலான முழுச் சங்கிலியும் ஒரே ஆய்வுக்குள் வந்துவிடும். இவ்வாறான ஆய்வை எந்தப் பன்னாட்டு அமைப்பும் தனியாகச் செய்துவிட முடியாது என்பதே நம் பக்கத்து வலிமை.

இந்த வட்டாரத்தில் உலகக் கொள்கையோடு தொடர்புள்ள பொருள் பீடி ஒன்றுதான் என்று யாரும் கருத வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணிக் கரை ஊர்கள் பட்ட பாட்டை இன்னும் யாரும் மறக்கவில்லை. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு தானாக ஆய்வு நடத்துவதில்லை. ஏற்கனவே வெளியான ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிறது. ஆகவே, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலும் குளங்களிலும் அன்று நடந்ததை நம்மவர்கள் முறையாக எழுதி வெளியிட்டால்தான் அது அந்த மதிப்பீட்டுக்குள் செல்ல வாய்ப்பு உண்டு. 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கூந்தன்குளமும் அவ்வாறே தனித்தனியாகப் பேச வேண்டியவை. பீடியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், மற்றவற்றுக்குக் குரல் கொடுக்கச் சிலராவது இருக்கிறார்கள் என்பதுதான். அதோடு, இந்தத் தொழில் நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கிறது. அம்மா சுற்றினாலும் படித்த மகள் தட்டை மடியில் எடுப்பதில்லை. அவள் எங்கே போகிறாள், அந்த வேலை அவளுக்கு என்ன தருகிறது, பின்னால் தங்கிவிட்ட அம்மாவின் வருமானம் என்ன ஆகிறது என்பதை இப்போதே பதிந்து தொடர வேண்டும். பத்து ஆண்டு கழித்துத் தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடக்கநிலைத் தகவலே இருக்காது.

புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்த நாடுகளின் மாநாடு வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறது. 2016இல் ஏழாவது மாநாடு நம் நாட்டிலேயே, டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. இனி நடக்கும் மாநாடுகளில் 17ஆம் பிரிவைப் பற்றிப் பேசும்போது இந்தியப் பிரதிநிதிகளின் கையில் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் திரட்டிய தகவல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். துணைவேந்தரும் ஆட்சிமன்றக் குழுவினரும் இந்தக் கல்வியாண்டுக்குள் சமூகவியல், பொருளியல் துறையினரையும் மருத்துவக் கல்லூரி, இணைவுக் கல்லூரிகளின் ஆசிரியர்களையும் பீடித் தொழிற்சங்கங்களின் பிரதிநிதிகளையும் ஒருமுறை கூட்டி, முதல் வரைவைத் தயாரித்து, உலக சுகாதார நிறுவனத்தின் டெல்லி அலுவலகத்துக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் டெல்லி அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இரு மாவட்டங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதற்குத் துணைநிற்க வேண்டும். வினாத்தாள் தயாரிக்கவும் களப்பணி மாணவர்களைப் பயிற்றுவிக்கவும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் ஊதியம் எதிர்பாராமல் வரக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.